1920-களின் அமெரிக்க வளம் பங்குச் சந்தையில் பிறந்ததல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலப் பொருளாதாரம் பற்றித் தங்கள் நாளிதழ் வெளியிட்டுவரும் கட்டுரைத் தொடரை விடாமல் படித்துவருகிறேன். பொருளாதார வரலாற்றைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் கற்பித்தவன் என்ற முறையில், இப்படியொரு தொடருக்கு நாளிதழில் இடம் கிடைத்திருப்பதே எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆயினும், 1920-களின் அமெரிக்காவைப் பற்றிய பகுதியில் கட்டுரையாளர் சென்றடைந்திருக்கும் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தப் பத்தாண்டின் வளம் முழுவதும் நியூயார்க் பங்குச் சந்தையில் ஊதிப் பெருக்கப்பட்ட நீர்க்குமிழி என்றும், 1929 அக்டோபரில் அது உடைந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை என்பது வெளிப்பட்டது என்றும் அவர் எழுதியிருக்கிறார். கேட்பதற்கு எடுப்பான விளக்கம்தான். ஆனால் நிகழ்ச்சிகள் நடந்த வரிசையோடு அது பொருந்தவில்லை.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் விலைவாசி உச்சத்துக்கு ஏறி, 1920-21-இல் தலைகுப்புற விழுந்தது. ஆலைகள் பல மூடின, வேலையின்மை கடுமையாயிற்று. அந்தச் சரிவிலிருந்து 1922-இல் நாடு மீண்டெழுந்தது. அப்போது தொடங்கிய வளர்ச்சி, 1924-இலும் 1927-இலும் ஏற்பட்ட சிறு தேக்கங்கள் நீங்கலாக, 1929 கோடைவரை நீடித்தது. இதே காலத்தில், முன்னணி நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் டவ் ஜோன்ஸ் குறியீட்டெண் என்ன செய்தது என்று பாருங்கள். 1921 ஆகஸ்டில் ஏறத்தாழ 64 புள்ளிகளில் இருந்த அது, 1927 முடியும்போது 200-ஐத் தொட்டிருந்தது. ஆலைகளின் உற்பத்தியும் நிறுவனங்களின் இலாபமும் உயர்ந்திருந்த நிலையில் இந்த ஏற்றத்தில் வியப்புக்கு இடமில்லை. வெறியாட்டம் என்று சொல்லத்தக்க பகுதி அதன் பிறகுதான் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள், 1929 செப்டம்பர் 3 அன்று, குறியீட்டெண் 381-ஐ எட்டியது. அதாவது சூதாட்டம் தொடங்கியபோது வளத்துக்கு ஐந்து வயது ஆகிவிட்டிருந்தது. மேலும், 12 கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட அந்நாட்டில், பங்குச் சந்தை உறுப்பினர் நிறுவனங்களிடம் கணக்கு வைத்திருந்தவர்கள் சுமார் 15.5 இலட்சம் பேர்தான் என்று பின்னர் அமெரிக்க செனட் குழு நடத்திய விசாரணையில் தெரியவந்தது. முடிதிருத்துபவர் முதல் வீட்டு வேலையாள் வரை எல்லோரும் பங்கு வாங்கினார்கள் என்பது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டே உண்மைபோல் ஆகிவிட்ட கதை. மக்கள் கூட்டங்கூட்டமாக வாங்கியது கார், ரேடியோ, சலவை இயந்திரம், வாக்குவம் கிளீனர் ஆகியவற்றைத்தான்.

ஆகவே அந்த வளத்தின் பிறப்பிடத்தைப் பங்குச் சந்தை அமைந்த வால் ஸ்ட்ரீட்டில் தேடுவதைவிட, டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் இருந்த ஃபோர்டு கார் ஆலையில் தேடுவது பொருத்தம். 1913-ஆம் ஆண்டின் தொடக்கம்வரை அங்கே என்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ என்ற உறுப்பை ஒரு தொழிலாளி தம் மேசையில் தாமே முழுவதுமாகப் பூட்டி முடித்துவந்தார். ஒன்றுக்கு ஏறத்தாழ 20 நிமிடம் பிடித்தது. அவ்வாண்டு வசந்தத்தில் அந்த ஒரு வேலையை 29 சிறு வேலைகளாகப் பிரித்து, ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவரும் ஒரு திருகையோ ஒரு காந்தத்தையோ பொருத்திவிட்டு அடுத்தவரிடம் தள்ளிவிடும்படி செய்தார்கள். நேரம் 13 நிமிடம் 10 விநாடியாகக் குறைந்தது. தொழிலாளர்கள் நாள் முழுவதும் குனிந்து நிற்க வேண்டியிருப்பதைக் கண்டு, வரிசையின் உயரத்தை 8 அங்குலம் கூட்டினார்கள். 7 நிமிடம் ஆயிற்று. வேகத்தைச் சீர்செய்தபின் 5 நிமிடத்தில் நின்றது. புதிய கண்டுபிடிப்பென்று சொல்ல இதில் ஏதுமில்லை. மனித உடலின் அசைவுகளை நிமிடக் கணக்கில் கவனித்ததன் விளைவே இது. இதே முறையை வண்டியின் அடிச்சட்டத்துக்கும் பயன்படுத்தியபோது, 12 மணி நேரத்துக்கும் மேல் பிடித்துக்கொண்டிருந்த வேலை, 1914 வசந்தத்துக்குள் 1 மணி 33 நிமிடத்தில் முடியத் தொடங்கியது. 1908-இல் 850 டாலருக்கு விற்ற மாடல் டி காரின் எளிய வகை, 1920-களின் நடுப்பகுதியில் 260 டாலருக்குக் கிடைத்ததற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

இந்த இடத்தில் கட்டுரையாளர் சொல்லியிருக்கும் இன்னொன்றையும் மறுக்க வேண்டியிருக்கிறது. ஹென்றி ஃபோர்டு தம் தொழிலாளர்களே தம் கார்களை வாங்க வேண்டும் என்ற தொலைநோக்கோடு நாளொன்றுக்கு 5 டாலர் கூலி வழங்கினார் என்று அவர் எழுதுகிறார். ஃபோர்டே பிற்காலத்தில் அப்படிச் சொல்லிக்கொண்டார் என்பது மெய்தான். ஆனால் 1914 ஜனவரியில் அந்த அறிவிப்பு வந்ததற்கு உடனடிக் காரணம் வேறு. அசெம்பிளி லைன் எனப்பட்ட அந்த வரிசையில் ஒரே திருகை நாள் முழுவதும் முடுக்கிக்கொண்டிருக்க ஆட்கள் பொறுக்கவில்லை. வந்த வேகத்தில் வேலையை விட்டு ஓடினார்கள். 1913-இல் ஏறத்தாழ 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, ஆண்டு முழுவதுமாக 50,000-க்கும் மேற்பட்டோரைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. இந்த ஓட்டத்தை நிறுத்தவே கூலி இரட்டிப்பானது. வேலை நேரமும் 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைக்கப்பட்டது. அந்த 5 டாலரில் ஏறக்குறைய பாதி, கூலி என்ற பெயரில் வழங்கப்படவில்லை. இலாபப் பங்கு என்ற பெயரில், நிபந்தனையோடு வழங்கப்பட்டது. குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறாரா என்று நிறுவனத்தின் சமூகவியல் துறை ஆய்வாளர்கள் தொழிலாளியின் வீட்டுக்கே சென்று விசாரித்தார்கள். இதை வள்ளல் தன்மை என்று எழுதுவது ஃபோர்டு நிறுவனத்தின் விளம்பரத் துறை செய்ய வேண்டிய வேலை.

ஃபோர்டு செய்ததை மற்ற ஆலைகளும் செய்ய வழிவகுத்தது மின்சாரம். பழைய ஆலைகளில் ஒரே பெரிய நீராவி எந்திரம் சுழலும். அதிலிருந்து கூரையை ஒட்டி நீண்ட தண்டுகளும், அவற்றிலிருந்து ஒவ்வொரு பொறிக்கும் தோல் பட்டைகளும் தொங்கும். எந்தப் பொறி எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தண்டின் நீளமே தீர்மானித்தது. ஒவ்வொரு பொறிக்கும் தனி மின்மோட்டார் வந்தபிறகுதான், வேலை நடக்கும் வரிசைக்கு ஏற்பப் பொறிகளை அடுக்க முடிந்தது. 1914-இல் ஆலைகளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாதிருந்த மின்சாரம், 1929-இல் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியிருந்தது. அதே கம்பிகள் வீடுகளுக்கும் சென்றன. 1920-இல் மூன்றில் ஒரு வீட்டில்தான் மின்விளக்கு எரிந்தது. 1930-இல் மூன்றில் இரண்டு வீடுகளில் எரிந்தது. பிட்ஸ்பர்க் நகரின் கேடிகேஏ நிலையம் 1920 நவம்பரில் அதிபர் தேர்தல் முடிவை ஒலிபரப்பியபோது விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே அதைக் கேட்டார்கள். பத்தாண்டு முடிவில் சுமார் 40 விழுக்காட்டு வீடுகளில் ரேடியோப் பெட்டி இருந்தது. கார்களைப் பொறுத்தவரை, 1920-இல் 80 இலட்சம் அளவில் இருந்த பதிவு எண்ணிக்கை 1929-இல் 2 கோடியே 30 இலட்சம் ஆனது. ஆக்ரன் நகரின் டயர், டொலிடோவின் கண்ணாடி, ஓக்லஹோமாவிலும் டெக்சாஸிலும் எடுத்த எண்ணெய், 1921-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் போடப்பட்ட சாலைகள் என ஒவ்வொன்றும் இந்த ஒரு வண்டியின் பின்னால் ஓடின. இத்தனையும் உண்மையான பொருள்கள், உண்மையான வேலைவாய்ப்புகள். இவற்றை விலைவாசி பெரிதாக ஏறாமலேயே ஒரு நாடு உற்பத்தி செய்தது என்பதை, உள்ளே ஒன்றுமே இல்லாத குமிழி என்று எப்படிச் சொல்வது?

வளம் உண்மையானது என்று சொல்வதால் அது உறுதியானது என்றும் நான் சொல்வதாகக் கருத வேண்டாம். ஓட்டை இருந்தது, ஆனால் அது பங்குத் தரகரின் அலுவலகத்தில் இல்லை, கார் விற்கும் டீலரின் மேசைமேல் கையெழுத்தான ஒப்பந்தத் தாளில் இருந்தது. கட்டுரையில் ஒரு வரிகூடப் பெறாத தவணை முறையைத்தான் குறிப்பிடுகிறேன்.

கடன் வாங்கிப் பொருள் வாங்குவதை ஃபோர்டு வெறுத்தார். 1923-இல் அவர் கொண்டுவந்த திட்டத்தின்படி, வாடிக்கையாளர் வாரம் 5 டாலர் வீதம் கட்டிவர வேண்டும். முழு விலையும் சேர்ந்தபின்தான் கார் கைக்கு வரும். பெயர் எதுவானாலும், அது சேமிப்புத் திட்டம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமோ 1919-லேயே ஜிஎம்ஏசி என்ற தனி நிதி நிறுவனத்தைத் தொடங்கி, காரை முதலில் ஓட்டிச் செல்லுங்கள், பணத்தைப் பிறகு கட்டுங்கள் என்றது. எதிர்பார்த்தபடியே மக்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஃபோர்டின் திட்டம் எடுபடவில்லை; 1928-இல் அவரும் கடன் நிறுவனம் ஒன்றைத் தொடங்கத்தான் வேண்டியிருந்தது. பத்தாண்டின் பிற்பகுதியில் விற்ற கார்களில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல் தவணையில் விற்றவை.

அந்த ஒப்பந்தத்தின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். புதிய கார் என்றால் வழக்கமாக விலையில் மூன்றில் ஒரு பங்கு முன்பணம். மீதியை வட்டியும் கட்டணங்களும் சேர்த்து ஏறக்குறைய 12 மாதத் தவணைகளில் கட்ட வேண்டும். கடைசித் தவணை செலுத்தும்வரை வண்டியின் உரிமை வாங்கியவருக்கு வராது. இடையில் தவணை தவறினால் வண்டியை எடுத்துச் சென்றுவிடலாம். அதுவரை கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு விற்றவருக்குப் பெரும்பாலும் இல்லை. ஆக, பத்து மாதத் தவணையைக் கட்டி முடித்துவிட்டு வேலை இழந்தவர், கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் காரையும் இழப்பார், போட்ட பணத்தையும் இழப்பார். இந்த ஒரு விதி 1930-இல் என்ன செய்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் கண்டுகொண்ட இன்னொன்றும் உண்டு. பழுதாகாத காரை ஒருமுறை வாங்கியவர் மறுபடி வாங்க வர மாட்டார். ஆகவே பழைய காரின்மீது அவருக்கே சலிப்பு ஏற்பட வேண்டும். இதற்கு வேதியியலும் கைகொடுத்தது. அதுவரை வண்ணப்பூச்சு உலர வாரக்கணக்கில் ஆனதால்தான், சீக்கிரம் உலரும் கறுப்பையே ஃபோர்டு நம்பியிருந்தார். டூபான்ட் நிறுவனத்தின் டியூக்கோ என்ற விரைவில் உலரும் பூச்சு 1923-24-இல் வந்தபோது, நீலத்திலும் பச்சையிலும் கார்களைத் தொடர் உற்பத்தியில் விட முடிந்தது. 1927-இல் ஹார்லி ஏர்ல் என்பவரின் தலைமையில் வடிவத்துக்கும் வண்ணத்துக்கும் என்றே ஒரு பிரிவை ஸ்லோன் அமைத்தார். ஒவ்வோர் ஆண்டும் புதிய தோற்றம், ஒவ்வொரு வருமான நிலைக்கும் ஒரு கார் என்ற அந்தக் கொள்கையின் முன்னால், பதினெட்டு ஆண்டுகளாகப் பெரிதும் மாறாத மாடல் டி தாக்குப்பிடிக்கவில்லை. 1 கோடியே 50 இலட்சமாவது வண்டி 1927 மே மாதம் வெளிவந்ததோடு அதன் உற்பத்தியை ஃபோர்டு நிறுத்தினார். புதிய மாடல் ஏ வருவதற்கு டிசம்பர் ஆயிற்று. இடைப்பட்ட மாதங்களில் டெட்ராய்ட்டில் பல்லாயிரம் தொழிலாளர் குடும்பங்கள் கூலியின்றித் தவித்தன. உலகின் மிகப் பெரிய செல்வந்தர்களுள் ஒருவர் மாடலை மாற்றும்போது தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு இருந்தது என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பதே விடை. வேலையின்மைக் காப்பீடு என்பது அங்கு அப்போது சட்டத்தில் இல்லை.

வாங்கியவர்கள் எந்த நிலையில் வாங்கினார்கள் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் தம்பதியினர் 1924-25-இல் இந்தியானா மாநிலத்தின் மன்சி என்ற சிறு தொழில் நகரில் தங்கி, அங்குள்ள குடும்பங்களின் அன்றாட வாழ்வை ஆராய்ந்தார்கள். கார் வைத்திருந்த, ஆனால் சிதிலமான வீடுகளில் வாழ்ந்த 26 தொழிலாளர் குடும்பங்களை அவர்கள் விசாரித்தபோது, அவற்றுள் 21 வீடுகளில் குளியல் தொட்டிகூட இல்லை. சாப்பாட்டைக் குறைத்தாலும் குறைப்பேனே தவிர காரை விடமாட்டேன் என்று சொன்ன பெண்களும் அங்கே இருந்தார்கள். இதைப் படித்துவிட்டு ஊதாரித்தனம் என்று தலையாட்டுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆலை ஒருபக்கமும் வீடு ஒருபக்கமும் இருந்த ஊரில், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே செல்வதற்கு வேறு வழியற்ற மக்களுக்கு, அந்த வண்டி தந்த விடுதலை குளியல் தொட்டியால் தர முடியாதது. ஆனால் அவர்கள் அதைத் தங்கள் கூலி உயர்விலிருந்து வாங்கவில்லை, வரப்போகும் கூலியிலிருந்து வாங்கினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கூலி ஏன் போதவில்லை? 1919-க்கும் 1929-க்கும் இடையில் ஆலைத் தொழிலாளி ஒருவரின் உற்பத்தித்திறன் 40 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்தது. கூலியும் உயர்ந்தது, ஆனால் அந்த வேகத்தில் அல்ல. 1920-இல் 50 இலட்சம் பேரைக் கொண்டிருந்த தொழிற்சங்கங்கள், பத்தாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 35 இலட்சமாகச் சுருங்கிவிட்டதால் கூலியைக் கேட்டு வாங்கும் வலுவும் குறைந்தது. மிச்சம் இலாபமாகத் தங்கியது. நிதித்துறைச் செயலர் ஆண்ட்ரூ மெலன் வருமான வரியின் உச்ச விகிதத்தை 73 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக 25 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்ததால் அந்த மிச்சம் மேல்தட்டிலேயே நின்றது. ப்ரூக்கிங்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் பின்னர் 1934-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு குடும்பத்தின் அடிப்படைத் தேவைகளுக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வளத்தின் உச்சம் என்று போற்றப்படும் 1929-இல்கூட ஏறக்குறைய 60 விழுக்காட்டுக் குடும்பங்கள் அந்த அளவுக்குக் கீழேதான் இருந்தன.

இதில் உழவர்களின் நிலை தனிக்கதை. அதைக் கட்டுரையாளர் ஓரளவு நன்றாகவே எழுதியிருக்கிறார் என்பதால் நீட்ட விரும்பவில்லை. போர்க்காலத்தில் ஐரோப்பாவுக்குத் தானியம் அனுப்பக் கடன்பட்டு நிலம் வாங்கியவர்கள், 1920-21-இல் விலை சரிந்தபின் கடைசிவரை தலைநிமிரவில்லை. 1920-இல் மக்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் பண்ணைகளில் வாழ்ந்தார்கள் என்பதையும், 1930-இல்கூடப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது என்பதையும் மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ரேடியோவும் குளிர்பதனப் பெட்டியும் விற்கும் கடைக்காரருக்கு அந்தப் பண்ணைகள் சந்தையே அல்ல. விளைபொருளுக்கு விலை ஆதரவு தரக் கோரிய மெக்நேரி-ஹாகன் மசோதாவை அதிபர் கூலிட்ஜ் 1927-இலும் 1928-இலும் தடுத்துவிட்டார். நிலக்கரிச் சுரங்கங்களும் துணி ஆலைகளும்கூட அந்த வளத்தின் திண்ணைக்கு வெளியேதான் நின்றன.

ஆக, ஒருபுறம் ஆலைகள் ஆண்டுக்கு ஆண்டு கூடுதலாக உற்பத்தி செய்ய வேண்டும். மறுபுறம் வாங்கக்கூடியவர்களின் வட்டம் கூலி உயர்வால் விரியவில்லை, கடனால் விரிந்தது. கடனால் விரியும் சந்தைக்கு ஒரு குறை உண்டு. அடுத்த ஆண்டு வாங்கியிருக்கக்கூடிய காரை ஒருவர் இந்த ஆண்டே வாங்கிவிடுகிறார் என்றால், அடுத்த ஆண்டு வேறொருவரைத் தேடிப் பிடித்தாக வேண்டும். அரிசியையோ ரொட்டியையோ போல நாளும் தீர்ந்துபோகும் பண்டமாக இருந்தால் கவலையில்லை. காரும் ரேடியோவும் வீடும் பல ஆண்டுகள் நிற்பவை. தேடிப் பிடிக்க ஆள் குறைந்துவருவது 1929-க்கு வெகு முன்பே தெரியத் தொடங்கிவிட்டது. புதிய வீடுகள் கட்டும் எண்ணிக்கை 1925-இல் 9 இலட்சத்தைத் தாண்டி உச்சம் தொட்டது. 1929-இல் அது ஏறக்குறைய 5 இலட்சமாக இறங்கிவிட்டிருந்தது. ஃபுளோரிடா நில வணிகம் 1926-இலேயே குலைந்தது. கார் வணிகத்தில், முதன்முறையாக வாங்குவோரைவிடப் பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குவோர் 1927-இல் மிகுந்துவிட்டார்கள். டீலர்களின் முற்றங்களில் பழைய கார்கள் விலைபோகாமல் குவிந்தன. பங்குச் சந்தையின் வெறியாட்டத்துக்கு முன்பே தொடங்கியவை இவை.

அன்றைய அறிஞர்கள் இதைக் கவனிக்கவில்லையா என்று கேட்கலாம். கவனித்தார்கள், ஆனால் பெரும்பாலோர் நல்ல விதமாகவே படித்தார்கள். தவணை விற்பனை தீங்கற்றது, மக்களை உழைக்கத் தூண்டுவது என்று கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் செலிக்மன் 1927-இல் விரிவானதோர் ஆய்வை வெளியிட்டார். அந்த ஆய்வுக்கு நிதி தந்தது ஜெனரல் மோட்டார்ஸ். வணிகத்துறைச் செயலராயிருந்து பின்னர் அதிபரான ஹூவரின் தலைமையில் அமைந்த குழு 1929-இல் வெளியிட்ட அறிக்கை, மனித விருப்பங்களுக்கு எல்லையில்லை, ஒன்று நிறைவேறினால் மற்றொன்று அதன் இடத்துக்கு வரும் என்று நம்பிக்கையோடு சொன்னது. விருப்பத்துக்கு எல்லையில்லை என்பது சரியே. விரலுக்குத் தக்க வீக்கம் என்பதைத்தான் அவர்கள் மறந்தார்கள்.

இனி 1929. கட்டுரையாளர் பங்குச் சந்தை சரிந்த அக்டோபர் 24-ஐயும் 29-ஐயும் தொடக்கப் புள்ளிகளாக வைக்கிறார். ஆனால் அவ்வாண்டு மார்ச்சில் 6 இலட்சத்துக்கும் மேல் இருந்த வாகன உற்பத்தி, செப்டம்பரில் ஏறக்குறைய 4 இலட்சமாகக் குறைந்திருந்தது. பொருளாதாரம் ஆகஸ்டிலேயே உச்சத்தைக் கடந்துவிட்டது என்பதே இன்று ஆய்வாளர்களிடையே நிலவும் கணக்கு. சந்தை விழும்போது ஆலைகள் ஏற்கெனவே சரிவில் இருந்தன. சந்தையின் வீழ்ச்சிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பங்கு வாங்கத் தரகர்கள் மூலம் வழங்கப்பட்ட கடன் அப்போது 800 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அது சுருங்கியபோது வங்கிகள் ஆடிப்போயின. பங்கே வைத்திராதவர்களும் செய்தித்தாளைப் பார்த்து அஞ்சினார்கள். அந்த அச்சம் எங்கே போய் விழுந்தது என்பதுதான் என் வாதத்தின் மையம். நாளை வேலை இருக்குமோ இருக்காதோ என்று ஐயுறும் குடும்பம் புதிதாகத் தவணைக் கடன் எடுக்காது. ஏற்கெனவே எடுத்திருந்த குடும்பமோ, தவறினால் கட்டியதெல்லாம் போய்விடும் என்ற அந்த ஒப்பந்த விதியால், தவணையை மட்டும் எப்பாடுபட்டாவது கட்டிவிட்டு மற்ற எல்லாச் செலவையும் வெட்டியது. 1930-இல் தவணை தவறியவர்கள் அவ்வளவாக இல்லாததும், அதே ஆண்டில் மக்களின் நுகர்வுச் செலவு கடுமையாகச் சரிந்ததும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஒன்று மற்றொன்றின் காரணம். மார்ட்டா ஓல்னி என்ற பொருளாதார வரலாற்றாளர் இதை நன்கு நிறுவியிருக்கிறார். 1929-இல் 50 இலட்சத்துக்கும் மேல் வாகனங்களைச் செய்த தொழில், 1932-இல் 14 இலட்சத்தைக்கூட எட்டவில்லை.

இந்தத் தொடர் நூலாக வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அவ்வாறாயின், தவணை முறைக்கும் வீட்டுக் கட்டுமானத்துக்கும் குறைந்தது ஓர் அத்தியாயமாவது ஒதுக்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். கூடவே இரண்டு சிறு திருத்தங்கள். 5 டாலர் கூலி 1920-களில் வந்ததாகப் பட விளக்கம் ஒன்றில் அச்சாகியிருக்கிறது. அது 1914-இல், போர் மூள்வதற்கு முன்பே வந்தது. ஹூவர் அந்தப் பத்தாண்டு முழுவதும் அதிபராக இருந்தார் என்று பொருள்படும் வரியும் திருத்தப்பட வேண்டும். 1921-இலிருந்து ஹார்டிங், கூலிட்ஜ் ஆகியோரின் அமைச்சரவையில் வணிகத்துறைச் செயலராக இருந்த அவர், அதிபராகப் பொறுப்பேற்றது 1929 மார்ச் 4 அன்றுதான்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற பொருளாதார ஆசிரியர்